டெஸ்ட் எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் என் கடல்நீர்த் தொட்டியில் சாஃப்ட் கோரல் (மென்பவளம்) மூன்று வாரமாக விரியவில்லை. எங்கே பார்ப்பது?

மடிப்பாக்கம்_தொட்டி
மே 11, இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "பாராமீட்டர் (தண்ணீர் டெஸ்ட் எண்கள்) போடுங்க" என்று யாராவது கேட்பதற்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறேன்.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சம்ப்பை (தண்ணீர் சுத்தமாகித் திரும்பும் இரண்டாவது சின்னத் தொட்டி) சேர்த்து, கல்லையும் மணலையும் கழித்தால் தண்ணீர் சுமார் 200 லிட்டர். ஓடத் தொடங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வீடு மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த ஹால். மே மாதத்தில் அந்த ஹால் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வாங்க இப்போதைக்கு வழியில்லை. சம்ப்புக்கு மேல் இரண்டு சின்ன ஃபேன் மாட்டியிருக்கிறேன், அதை வைத்து 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு விலை, தினம் 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். காலையில் அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து சம்ப்பில் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிவிடுவார். நான் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடுவேன் என்று அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.

கல் பவளம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் சாஃப்ட் கோரல் வகைகள்: ஒரு பெரிய டோட்ஸ்டூல் லெதர் (அம்மா அதைக் காளான் என்றுதான் சொல்வார்), ஒரு கல் முழுக்கப் படர்ந்த கிரீன் ஸ்டார் பாலிப், நான்கு வகை ஜோவா, சிவப்பு மஷ்ரூம் ஏழெட்டு, ஒரு கெனியா ட்ரீ, ஒரு கொத்து சீனியா. எல்லாமே மற்ற ஹாபிக்காரர்கள் வெட்டிக்கொடுத்த ஃப்ராக்கிலிருந்து (சிறு துண்டிலிருந்து) வளர்ந்தவை. மீன் என்றால் ஒரு ஜோடி கிளவுன், ஒரு யெல்லோ டெயில் டாம்சல், ஒரு பிளென்னி.

இனி பிரச்சினை.

ஏப்ரல் முதல் வாரத்தில் டர்போ நத்தை ஒன்று மணலில் மல்லாந்து கிடந்தது. திருப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே கிடந்தது, எடுத்து மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து நாளில் ஏழில் ஐந்து போய்விட்டன. வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் கிளீனர் இறால் தோலுரித்த மறுநாளே இறந்து கிடந்தது. ஏப்ரல் 20 வாக்கில் டோட்ஸ்டூல் மூடியது. முன்பும் மூடியிருக்கிறது, மெழுகு மாதிரி ஒரு படலத்தை உரித்துவிட்டுப் பத்து நாளில் விரிந்துவிடும். இந்த முறை படலமே வரவில்லை. தொப்பியின் ஓரம் கீழே மடிந்து, பழுப்பேறி, வாடிய கத்தரிக்காய் மாதிரி நிற்கிறது. சீனியா இரண்டே நாளில் கரைந்தது. ஸ்டார் பாலிப்பில் ஊதா நிறப் பாய் மட்டும்தான் தெரிகிறது, ஒரு பச்சை நூல்கூட வெளியே வரவில்லை. ஜோவா பாதி மூடி. மஷ்ரூம் சுருங்கி, வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

இன்றைய டெஸ்ட்: வெப்பம் 27.6, உப்பு 1.025 (ரிஃப்ராக்டோமீட்டர், 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள கரைசல் வைத்துச் சரிபார்த்தது), அம்மோனியா 0, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.06, ஆல்கலினிட்டி 8.2 டிகேஎச், கால்சியம் 420, மக்னீசியம் 1300. ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நோயாளிதான் எழுந்திருக்கவில்லை.

என்ன செய்தேன் என்றால், வழக்கமாக வாரம் 20 லிட்டர் மாற்றுவேன். பயந்துபோய் மே 2-லும் 7-லும் 60 லிட்டர் வீதம் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடுத்த நாள் இன்னும் மோசமானது போலத் தோன்றியது. தண்ணீர் வீட்டு ஆர்ஓ மெஷின்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவு) 40. இரண்டு வருடமாக அதே மெஷின், அதே உப்பு. அதனால் அதில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கிளவுன் ஜோடி போன வாரம்கூட முட்டை போட்டிருக்கிறது. ஒரு பக்கம் எழவு, ஒரு பக்கம் வளைகாப்பு.

லைட்டா, ஓட்டமா, பூச்சியா? எங்கே தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை.


அலை_ஓட்டம்
மே 11, இரவு 11.25

ப்ரோ, லெதர் மூன்று வாரம் மூடியிருப்பது உலகமகா விஷயம் இல்லை. என்னிடம் இருந்தது ஒருமுறை 24 நாள் மூடியிருந்து விரிந்தது. வேவ்மேக்கர் (தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் மோட்டார்) எங்கே பார்த்து இருக்கிறது? படலத்தை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு, ஆனால் ஒரே இடத்தில் நேராக அடிக்காத ஓட்டம் வேண்டும். ஓட்டம் இல்லாவிட்டால் படலம் அதன்மேலேயே உட்கார்ந்து, அடியில் அழுகத் தொடங்கிவிடும்.

லைட் ஏதாவது மாற்றினீர்களா? சாஃப்ட் கோரலுக்குப் பார் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50-லிருந்து 150 வரை தாராளம். புது எல்ஈடியை முதல் நாளே முழு வீச்சில் போட்டால் இப்படித்தான் மஷ்ரூம் சுருங்கும்.

இன்னொன்று, கார்பன் (தண்ணீரில் இருக்கும் ரசாயனத்தை உறிஞ்சும் கரி) போடுகிறீர்களா? லெதர் தன் பக்கத்தில் யாரும் வளரக் கூடாது என்று தண்ணீரில் ரசாயனம் விடும். அது பெரிதாக வளர வளர மற்றவை எல்லாம் வாடும்.


மடிப்பாக்கம்_தொட்டி
மே 12, காலை 7.10

நன்றி ப்ரோ. லைட் அதேதான், நேரமும் மாற்றவில்லை. வேவ்மேக்கரை நேற்று ராத்திரியே லெதர் பக்கம் திருப்பினேன், உதிர ஒன்றும் இல்லை. கார்பன் சம்ப்பில் பையில் இருக்கிறது, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். டார்ச் அடித்து ராத்திரி 2 மணிக்கு ஜோவாவைப் பார்த்தேன். அதைத் தின்கிற நுடிபிராங்க் இல்லை, சன்டயல் நத்தை இல்லை. நான் முழித்திருந்ததுதான் மிச்சம்.


ரீஃப்_ராஜா_77
மே 12, காலை 9.02

கல்லில்தான் ஏதோ இருக்கிறது. எல்லாக் கல்லையும் வெளியே எடுத்து, ஜோவா கல்லை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி நன்றாக பிரஷ் போடுங்கள். கெட்டதெல்லாம் செத்துவிடும். புதுக் கல் வேண்டுமென்றால் தூத்துக்குடிப் பக்கம் கடலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் உண்டு, விலையும் குறைவு.


உப்புக்கணக்கு
மே 12, காலை 9.40

மேலே 77 எழுதியதை யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூட வேலையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஜோவா, பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெந்நீர் ஊற்றினால் அது ஆவியோடும் நுண்துளியோடும் காற்றில் ஏறும். அப்படிச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கொதிக்கவைப்பது, காய்ந்த கல்லைச் சுரண்டுவது, மைக்ரோவேவில் வைப்பது, எதுவும் வேண்டாம். ஜோவா கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

கடலிலிருந்து கல் எடுத்துக் கொடுக்கும் ஆட்களைப் பற்றி: அந்தப் பக்கம்தான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது. கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. விலை குறைவு என்று வாங்குகிறவரும் சிக்குவார்.

மடிப்பாக்கம் தம்பி, உங்களுக்கு மதியம் எழுதுகிறேன். அதுவரை தண்ணீர் மாற்ற வேண்டாம். டாப் அப்பையும் (ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவதையும்) நிறுத்த முடியுமா? ஒரு நாள் கோடு இறங்கினால் ஒன்றும் ஆகாது.


உப்புக்கணக்கு
மே 12, மதியம் 2.15

சரி, இப்போது உட்கார்ந்து எழுதலாம்.

தம்பி, நீங்கள் கொடுத்த எண்களைவிட, செத்தவர்களின் வரிசை எனக்கு நிறையச் சொல்கிறது. நானும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் கேட்பேன். யார் முதலில் போனார், யார் போகவில்லை?

முதலில் நத்தை. பிறகு தோலுரித்த இறால். பிறகு சீனியா, லெதர், மற்றவை. மீனுக்கு ஒன்றுமில்லை, முட்டைகூடப் போடுகிறது. இந்த வரிசையை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். லைட் தவறாக இருந்தால் நத்தை சாகாது. ஓட்டம் குறைந்தாலும் சாகாது. லெதர் விடும் ரசாயனம் பக்கத்துப் பவளத்தை வாட்டும், டர்போ நத்தை ஐந்தைக் கொல்லாது. ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்திருக்கும். உப்பு ஏறி இறங்கினால் நத்தை சாகும்தான், ஆனால் நீங்கள் 35 பிபிடி கரைசலில் சரிபார்க்கிற ஆள். (நிறையப் பேர் ஆர்ஓ தண்ணீரில் சைபர் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மேலே போகப் போக அது பிசகும்.)

சென்னை வீடு என்றதும் எனக்கு அடுத்துத் தோன்றியது கொசு மருந்து. பிளக்கில் மாட்டுகிற திரவம், கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரே, தெருவில் அடிக்கிற புகை, இவற்றிலெல்லாம் பைரித்ராய்டு வகை மருந்து உண்டு. ஸ்கிம்மர் (நுரை உண்டாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) ஹால் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் கலக்கிறது. ஆனால் அந்த மருந்து பூச்சிக்கும் பூச்சியின் சொந்தக்காரர்களுக்கும்தான் எமன். இறாலும் நண்டும் முதல் நாளே போகும், நத்தை தாங்கும். உங்கள் வீட்டில் தலைகீழாக நடந்திருக்கிறது.

மீனை விட்டுவிட்டு நத்தையை முதலில் பிடிப்பது எது? வயலில் நத்தையைக் கொல்ல ஒரு காலத்தில் எதைத் தெளித்தார்கள் என்று யோசியுங்கள். மயில்துத்தம். காப்பர் சல்பேட்.

செம்பு என்றுதான் சந்தேகப்படுகிறேன். இரண்டு தடவை 60 லிட்டர் மாற்றியதும் நிலைமை மோசமானது என்கிறீர்களே, அதுதான் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. புதுத் தண்ணீர் ஊற்றினால் நோய் கூடுகிறதென்றால் நோய் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. "இரண்டு வருடமாக அதே மெஷின்" என்று ஒரு வரி எழுதி அதைக் கடந்துபோய்விட்டீர்கள். மெஷின் அதேதான், உள்ளே இருப்பதும் அதேதானா? கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள்? என்ன மாற்றினார்கள்?

இப்போது கடைகளில் விற்கிற ஆர்ஓ மெஷின்களில் பலவற்றில், மெம்பிரேனை (தண்ணீரை வடிகட்டும் சவ்வை) தாண்டியபின் செம்பு சேர்க்கிற காட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. பழைய மெஷினிலும் அதைக் கூடுதலாகச் சொருகலாம். செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதைக் குழாயில் அடைத்து விற்கிறார்கள். குடிக்கிற நமக்கு அது பிரச்சினை இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில், ஐஎஸ் 10500, செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பரவாயில்லை என்று இருக்கிறது. இப்போது இதைப் பாருங்கள். வெண்புள்ளி நோய் வந்த கடல் மீனைத் தனித் தொட்டியில் போட்டுச் செம்பு மருந்து கொடுப்போமே, அதில் அயனிச் செம்பு 0.15-லிருந்து 0.2 மில்லிகிராம்தான். அந்தத் தொட்டியில் ஒரு நத்தையைக்கூட விடமாட்டோம். திறந்த கடலில் செம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் கீழே. மனிதன் குடிக்கலாம் என்பதும் பவளம் வாழலாம் என்பதும் வேறு வேறு கணக்கு.

உங்கள் விஷயத்தில் கோடையும் சேர்ந்துகொண்டது. தினம் 4 லிட்டர் ஆவியாகிறது, தினம் 4 லிட்டர் ஊற்றுகிறீர்கள். 50 நாளில் 200 லிட்டர். அதாவது தொட்டியின் முழு அளவு. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், கூட வந்தது எல்லாம் உள்ளேயே நிற்கும். ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது போலத்தான். ஜனவரியில் ஃபேன் ஓடாதபோது இதே தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுத்திருக்காது.

டிடிஎஸ் 40 என்பதை நம்பி உட்காராதீர்கள். அந்த மீட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு குத்துமதிப்புச் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. 2016-ல் டாப் அப் டிரம்மில் குழாய் மிதக்காமல் இருக்க ஒரு பித்தளை நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள், பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் என்று அன்று காலைதான் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்திருந்தேன். ஐந்து மாதம் ஆயிற்று எனக்குப் புரிய. அந்த நட்டு பச்சை பிடித்து இன்னும் என் மேசையில் இருக்கிறது.

மூன்று இடத்துத் தண்ணீரை எடுத்துச் செம்பு டெஸ்ட் செய்து பாருங்கள்: மெஷின் குழாயில் வருவது, மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் குழாயைக் கழற்றிப் பிடித்தது, தொட்டித் தண்ணீர். தொட்டியை மட்டும் டெஸ்ட் செய்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லும் மணலும் கார்பனும் செம்பைப் பிடித்துவைத்திருக்கும், தண்ணீரில் மிச்சம்தான் தெரியும்.


மடிப்பாக்கம்_தொட்டி
மே 13, இரவு 9.30

அக்கா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். மார்ச் மூன்றாவது வாரம் ஏஎம்சி ஆள் (வருட ஒப்பந்தத்தில் மெஷினைப் பராமரிப்பவர்) வந்து வருடாந்தர சர்வீஸ் செய்திருக்கிறார். நான் அன்றைக்கு வீட்டில் இல்லை. "புதுசா ஒண்ணு போட்டுருக்கேம்மா, செம்புக் குடத்துல வெச்ச தண்ணி மாதிரி இருக்கும், எக்ஸ்ட்ரா காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப் போகிறது? மெஷின் மூடியைத் திறந்தால், வெள்ளைக் காட்ரிட்ஜ்களுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஒன்று. மேலே காப்பர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு மாதமாக அதற்கு இரண்டடி தூரத்தில் நின்றுதான் காபி குடித்திருக்கிறேன்.

இன்றைக்கு டெஸ்ட் கிட் வாங்கிவந்து பார்த்தேன். மெஷின் குழாயில் 0.5 கட்டத்து நிறம் அப்படியே வந்தது. மெம்பிரேன் குழாயில் நிறமே இல்லை. தொட்டியில் 0-க்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இதை மட்டும் பார்த்திருந்தால் கண் கோளாறு என்று விட்டிருப்பேன்.

இனி என்ன செய்வது? எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா? அம்மா காலையிலிருந்து சாப்பிடவே இல்லை, "நான்தான் தினமும் கையால ஊத்தினேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.


உப்புக்கணக்கு
மே 13, இரவு 10.20

முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். பித்தளை நட்டுக் கதையைச் சொல்லுங்கள், வேதியியல் டீச்சரே செய்தாள் என்று.

ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அடிபட்டுக் கிடக்கிறவர்களுக்கு அதுவே இன்னொரு அடி. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில் ஒரு டி ஜாயின்ட் போட்டு, அங்கிருந்து தொட்டிக்கென்று தனிக் குழாய் எடுங்கள். அதில் ஒரு டிஐ ரெசின் (கரைந்திருக்கும் அயனிகளைப் பிடிக்கும் மணிகள்) குப்பியையும் சேர்த்துவிட்டால் டிடிஎஸ் சைபருக்கு வரும். அந்தத் தண்ணீரில் மூன்று நாளைக்கு ஒருமுறை 20 சதவீதம் மாற்றுங்கள். நான்கு முறை மாற்றினால் தண்ணீரில் இருப்பது ஏறக்குறைய 41 சதவீதமாகக் குறையும். வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்துப்போகட்டும்.

கூடவே செம்பைப் பிடிக்கிற ரெசின், கூப்ரிசார்ப் மாதிரி, ஒரு பையில் போட்டு ஓட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். பாலி ஃபில்டர் பேட் கிடைத்தால் இன்னும் நல்லது, செம்பு இருந்தால் அது நீலப்பச்சையாக மாறும், கண்ணால் பார்க்கலாம். கார்பனை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று ரெசினை உடனே எடுத்துவிடக் கூடாது. கல் வாங்கிவைத்த கடனை மெதுவாகத்தான் திருப்பிக் கொடுக்கும், மாதக் கணக்கில்கூட.

செய்யக் கூடாதது: அயோடின் டிப், கோரல் டிப் (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்துகள்), விட்டமின், தீவனம் என்று பாசத்தில் எதையும் ஊற்றாதீர்கள். நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.06 சாஃப்ட் கோரலுக்கு நல்ல எண்கள், அதைச் சைபருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். லெதரில் அழுகல் வாடை வந்தால் மட்டும், நல்ல சதை தெரிகிற இடம் வரைக்கும் கூரான பிளேடால் வெட்டிவிடுங்கள், மிச்சம் பிழைக்கும்.


சிங்கை_வாசி
மே 14, காலை 6.50

இந்த இழையை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். இங்கே எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் எங்களுக்கு வேறு மாதிரிப் பாடம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம், அதனால் ஒரு நாள் வாளியில் வைத்தால் போதும் என்று தொடக்கத்தில் உப்புக் கலந்தோம். இங்கே போடுவது குளோரமின், வெறும் குளோரின் மாதிரி வாளியில் வைத்தால் போய்விடாது. கார்பன் பிளாக் அதை உடைக்கும், உடைந்தபின் மிஞ்சுகிற அம்மோனியாவைப் பிடிக்க டிஐ வேண்டும். குடிக்கிற தண்ணீரை நம்பியதில் நாங்களும் உங்கள் கட்சிதான்.


மடிப்பாக்கம்_தொட்டி
ஜூன் 24, இரவு 8.45

கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்ல ஏதாவது இருக்கும்போது வரலாம் என்று இருந்தேன்.

டி ஜாயின்ட் போட்டாகிவிட்டது. மெம்பிரேனுக்குப் பின்னால் டிடிஎஸ் 9, டிஐ தாண்டினால் 0. பாலி ஃபில்டர் பேடைப் போட்ட நான்காவது நாள் எடுத்தபோது ஓரமெல்லாம் மயில் கழுத்து நிறம். அம்மாவிடம் காட்டினேன், உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பேடில் அந்த நிறம் இல்லை, வழக்கமான பழுப்பு மட்டும். ரெசின் பையை இன்னும் எடுக்கவில்லை.

ஸ்டார் பாலிப்தான் முதலில் எழுந்தது. மே 29-ல் கல்லின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பச்சை நூல். இப்போது பாதிக் கல் விரிகிறது. மீதிப் பாதியில் ஊதாப் பாய் வெளுத்து உரிந்துவிட்டது. லெதரில் ஒரு பக்கத்து ஓரம் அழுகத் தொடங்கியது. அக்கா சொன்னபடி கையுறை போட்டு வெட்டினேன், கை நடுங்கியது. ஜூன் 10 வாக்கில் அது கடைசியில் அந்த மெழுகுப் படலத்தை உரித்தது. இத்தனை நாள் எரிச்சலோடு பார்த்த படலத்துக்கு அன்றைக்குப் போட்டோ எடுத்தேன். நான்கு நாள் கழித்து தொப்பியின் நடுவில் பாலிப் (பவளத்தின் பூப்போன்ற சின்ன உயிர்கள்) வந்தது. ஜோவாவில் இரண்டு வகை பிழைத்தது, இரண்டு போய்விட்டது. கெனியா ட்ரீ தன் பாட்டுக்குக் கிளையை உதிர்த்து, உதிர்ந்ததெல்லாம் தனிச் செடியாக நிற்கிறது, அதைக் கொல்ல முடியாது போலிருக்கிறது. சீனியா போனது போனதுதான்.

ஏஎம்சி ஆளும் போன வாரம் வந்தார். செம்புக் காட்ரிட்ஜைக் கழற்றி டிராயரில் வைத்திருப்பதைப் பார்த்து முகம் வாடிவிட்டது. "நல்லதுக்குத்தான் சார் போட்டேன்" என்றார். பொய் இல்லை. தொட்டிக்குப் போகும் தண்ணீர் அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது என்று குழாயைக் காட்டியதும், அம்மா உடனே "அப்போ எனக்கு அதைத் திரும்பப் போட்டுடுப்பா" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அடுப்படியில் இரண்டு குழாய். தொட்டிக் குழாயில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது, அதில் யாரும் குடிப்பதில்லை. அம்மா குழாயிலிருந்து யாரும் சம்ப்பில் ஊற்றுவதில்லை. ஊற்றும் வேலை இன்னும் அம்மாவுடையதுதான், கேட்டுப் பார்த்தேன், விட மாட்டேன் என்கிறார்.

அக்கா, மறுபடி நத்தை விடலாமா?


உப்புக்கணக்கு
ஜூன் 24, இரவு 9.15

ஒன்றே ஒன்று. விலை குறைந்ததாக. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்கிவிட்டு விடுங்கள், இல்லாவிட்டால் உப்பு வித்தியாசத்தில் செத்ததைச் செம்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு வாரம் பார்க்கலாம். இறால் அதற்கப்புறம்.


மடிப்பாக்கம்_தொட்டி
ஜூலை 5, காலை 7.05

ஒன்பதாவது நாள். காலையில் முன் கண்ணாடியில் இருந்தது, பாசியில் வளைந்து வளைந்து பாதை போட்டிருக்கிறது. இப்போது ஸ்டார் பாலிப் கல்மேல் ஏறிப் போகிறது. அது போகிற இடமெல்லாம் பச்சை உள்ளே போய், அது தாண்டியதும் வெளியே வருகிறது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் ஆபீசுக்கு லேட்.